மாமியார் உடைத்தால் மண்குடம்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். உடைந்தது என்னவோ ஒரே குடம்தான். யார் கை பட்டு உடைந்தது என்பதை வைத்துத்தான் அது மண்ணா, பொன்னா என்பது முடிவாகிறது! இந்தப் பழமொழியை அந்தக் காலத்தில் குடும்பத்துக்காகச் சொல்லி வைத்தார்கள். இன்றைக்கு அது அச்சு அசலாகப் பொருந்துவது நம் அரசியல் கட்சிகளுக்குத்தான்.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மீது லஞ்சப் புகாரோ, ஒழுக்கக்கேட்டுப் புகாரோ வந்தால் போதும். "உடனே ராஜினாமா செய்! இல்லாவிட்டால் தெருவில் இறங்குவோம்!" என்று மைக் அலறும். அதே புகார் தன் கட்சிக்காரர் மீது வந்தால்? "இது எதிரிகளின் சதி. சட்டம் தன் கடமையைச் செய்யும். குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி." மைக் அதே மைக்தான், பேசுகிறவரும் அதே ஆள்தான். குடம் மட்டும் மாறிவிட்டது.

நம்மில் பலருக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. வாக்காளர் அட்டை கைக்கு வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது. எல்லாக் கட்சியும் நம்மைத் தேடி வரும் நேரம் இது. அதனால் கட்சிகள் தங்கள் ஆட்களின் தவறை எப்படிக் கையாள்கின்றன, எப்போது நியாயமாக நடந்திருக்கின்றன, அதை நாம் எப்படி அளந்து பார்ப்பது என்பதை எனக்குத் தெரிந்த வரை இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

ரிஜெக்ட் பீஸ் வருவது குற்றமல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். தவறு செய்பவன் ஒருவன்கூட இல்லாத கட்சி வேண்டும் என்று கேட்டால் அது நடக்காத காரியம். லட்சக்கணக்கான பேர் இருக்கும் இடத்தில் நாலு பேர் கெட்டவர்களாக இருக்கத்தான் செய்வார்கள். நம் மெஷின் ஷாப்பில் லேத்தில் நூறு பீஸ் ஓட்டினால் சில பீஸ் ரிஜெக்ட் ஆகத்தான் செய்கிறது. அதற்காக யாரும் ஒர்க்‌ஷாப்பை இழுத்து மூடுவதில்லை. ரிஜெக்ட் பீஸை நல்ல பீஸோடு கலந்து பெட்டி கட்டி அனுப்புகிறார்களே, அவர்களைத்தான் கெட்ட ஒர்க்‌ஷாப் என்கிறோம்.

பீஸைச் சோதிக்க நம்மிடம் கோ, நோ-கோ கேஜ் இருக்கிறது. அந்த கேஜுக்கு, பீஸை ஓட்டியது இன்ஸ்ட்ரக்டர் சாருக்குப் பிடித்த பையனா, பிடிக்காத பையனா என்பது தெரியாது. நுழைய வேண்டிய பக்கம் நுழைந்தால் பாஸ். நுழையக் கூடாத பக்கம் நுழைந்தால் ரிஜெக்ட். அவ்வளவுதான். கட்சிகளிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இதுதான்: எதிராளிக்கு வைக்கும் அதே கேஜைத் தன் ஆளுக்கும் வைக்கிறதா?

வைத்த காலமும் இருந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

1951: பிரதமரே கொண்டுவந்த தீர்மானம்

சுதந்திரம் கிடைத்து நாலே வருடம். முதல் பொதுத் தேர்தல்கூட நடக்கவில்லை. தற்காலிகப் பாராளுமன்றம் இயங்கிக் கொண்டிருந்தது. அதில் பம்பாயைச் சேர்ந்த எச்.ஜி. முட்கல் என்று ஒரு எம்.பி. ஆளும் காங்கிரஸ் கட்சிக்காரர். பம்பாய் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணமும் ஆதாயமும் பெற்றுக்கொண்டு, அவர்களுக்குச் சாதகமாகப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கவும், மசோதாவில் திருத்தம் கொண்டுவரவும், மந்திரிகளைச் சந்திக்க ஏற்பாடு செய்யவும் உடன்பட்டார் என்பது அவர் மீது வந்த புகார்.

இன்றைய வழக்கப்படி என்ன நடக்க வேண்டும்? எதிர்க்கட்சி கூச்சல் போட வேண்டும், ஆளும் கட்சி மறுக்க வேண்டும், சபை ஒத்தி வைக்கப்பட வேண்டும். ஆனால் நடந்தது வேறு. 1951 ஜூன் 8 அன்று, விசாரணைக் குழு அமைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பிரதமர் ஜவஹர்லால் நேரு! தன் கட்சி எம்.பி. மீது தானே. அந்தக் குழுவுக்குத் தலைவர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. விசாரித்த குழு, முட்கல் நடந்துகொண்ட விதம் சபையின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று அறிக்கை கொடுத்தது. செப்டம்பர் 24 அன்று அவரை நீக்கும் தீர்மானத்தையும் நேருவே கொண்டுவந்தார்.

முட்கல் ஒரு யுக்தி செய்தார். சபை முடிவெடுப்பதற்கு முன்பே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். "அதான் போய்விட்டாரே, விடுங்கள்" என்று சபை விட்டுவிடவில்லை. அவர் நீக்கப்படத் தகுந்தவர்தான் என்றும், அவருடைய ராஜினாமாக் கடிதத்தின் வாசகம் குற்றத்தை இன்னும் அதிகமாக்குகிறது என்றும் செப்டம்பர் 25 அன்று தீர்மானமே போட்டது.

தேதியைக் கவனியுங்கள் நண்பர்களே. நாட்டின் முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபர் 25ல் தொடங்கியது. சரியாக ஒரு மாதம்தான் இருந்தது. "தேர்தல் நேரம், இப்போது வேண்டாம், கட்சிக்குக் கெட்ட பெயர்" என்று சொல்ல அவர்களுக்கும் வாய்ப்பு இருந்தது. சொல்லவில்லை.

1957: ஆளும் கட்சி பெஞ்சிலிருந்து வந்த கேள்வி

அடுத்தது இன்னும் சுவாரசியம். ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது நம் வீட்டுக்கு ஏஜென்ட் வந்து பாலிசி போடச் சொல்கிறாரே அந்த எல்.ஐ.சி., 1956ல்தான் தொடங்கப்பட்டது. அடுத்த வருடமே அது ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. சாதாரண ஜனங்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பிரீமியப் பணம்! கஷ்டத்தில் இருந்த ஒரு முதலாளியைக் கைதூக்கிவிட அது போனதா என்ற சந்தேகம் எழுந்தது.

1957 டிசம்பர் 16 அன்று இதை லோக்சபாவில் பிட்டுப் பிட்டு வைத்தவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ரேபரேலியின் காங்கிரஸ் எம்.பி. அதைவிட, பிரதமர் நேருவின் சொந்த மருமகன். மாமனார் ஆட்சியை மருமகன் கேள்வி கேட்டார். நம் பழமொழிக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று!

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் கமிஷன் அமைந்தது. மூடிய அறையில் அல்ல, பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. கேட்க வந்த கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. சில வாரங்களிலேயே வேலை முடிந்தது. செயலாளர் செய்ததற்கு மந்திரி பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்றது கமிஷன். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி ராஜினாமா செய்தார்.

அந்த நிதி மந்திரி யார் தெரியுமா? 1951ல் முட்கலை விசாரித்த குழுவின் தலைவராக இருந்த அதே டி.டி. கிருஷ்ணமாச்சாரி! நேற்று கேஜைக் கையில் பிடித்தவருக்கே மறுநாள் அந்த கேஜ் வைக்கப்பட்டது. (அவர் தன் பைக்குள் பணம் போட்டுக்கொண்டார் என்று யாரும் சொல்லவில்லை. பொறுப்பு என்ற கேள்விதான்.) 1962ல் நேரு அவரை மறுபடி மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார், அடுத்த வருடம் மறுபடி நிதி மந்திரியும் ஆனார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலம் முழுக்கப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் தன் ஆளைத் தானே கேட்கும் பழக்கம் அன்று உயிரோடு இருந்தது.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். அமெரிக்காவில் வாட்டர்கேட் ஊழல் வெடித்து இரண்டு வருடம் எதிர்க்கட்சியும் பத்திரிகைகளும் கோர்ட்டும் போராடின. ஆனால் ஜனாதிபதி நிக்சன் கடைசியில் இறங்கியது, 1974 ஆகஸ்ட் 7 அன்று அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சித் தலைவர்கள் மூன்று பேர் நேரில் போய், "உங்களைக் காப்பாற்ற நம் கட்சியிலேயே ஓட்டு இல்லை" என்று நிலைமையைச் சொன்ன பிறகுதான். மறுநாளே ராஜினாமாவை அறிவித்துவிட்டார்.

பிற்காலத்தில் என்ன ஆயிற்று?

2001 மார்ச்சில் தெஹல்கா என்ற செய்தி நிறுவனம் ஒரு ரகசிய வீடியோவை வெளியிட்டது. ஆயுத வியாபாரிகள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம், அன்றைக்கு மத்தியில் ஆண்ட பாரதிய ஜனதாவின் அகில இந்தியத் தலைவர் பங்காரு லட்சுமணன் ஒரு லட்சம் ரூபாய் வாங்குவது அதில் பதிவாகியிருந்தது. அவர் கட்சித் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். கோர்ட் அவருக்கு நான்கு வருட சிறைத் தண்டனை விதித்தது எப்போது? 2012 ஏப்ரலில். பதினோரு வருடம்! அதே விவகாரத்தில் பாதுகாப்பு மந்திரி ஜார்ஜ் பெர்னாண்டஸும் 2001 மார்ச்சில் ராஜினாமா செய்தார். அதை விசாரிக்கக் கமிஷன் போட்டார்கள். கமிஷன் வேலை முடியும் முன்பே அக்டோபரில் அவர் அதே நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

2005 டிசம்பரில் வேறொரு ரகசிய வீடியோ. ஏதோ சிறு உற்பத்தியாளர் சங்கம் என்று பொய்ப் பெயரில் போன நிருபர்களிடம், பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க 11 எம்.பி.க்கள் பணம் வாங்கினார்கள். குறைந்தது 15,000 ரூபாய், அதிகபட்சம் 1,10,000 ரூபாய். பாரதிய ஜனதா 6 பேர், பகுஜன் சமாஜ் 3 பேர், காங்கிரஸ் ஒருவர், ராஷ்ட்ரிய ஜனதா தளம் ஒருவர். டிசம்பர் 12ல் டி.வி.யில் வந்தது, 23ந் தேதி 11 பேரும் பதவியிழந்தார்கள். பதினொரே நாள்! அவரவர் கட்சியும் அவர்களை சஸ்பெண்ட் செய்திருந்தது. அப்படியும், லோக்சபாவில் நீக்கும் தீர்மானம் வந்தபோது, தண்டனை மிக அதிகம் என்று சொல்லி பாரதிய ஜனதா வெளிநடப்பு செய்தது. நீக்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2007ல் தீர்ப்புச் சொன்னது.

மனசு இருந்தால் பதினோரு நாளில் முடிக்க முடிகிறது. மனசு இல்லாவிட்டால் பதினோரு வருடம் இழுக்கிறது. இதுதான் இந்த இரண்டு சம்பவமும் சொல்லும் பாடம்.

மூன்றாவது சம்பவம் நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில். 2012 பிப்ரவரியில் சட்டமன்றம் நடந்துகொண்டிருக்கும்போதே மந்திரிகள் லட்சுமண் சவதி, சி.சி. பாட்டீல் ஆகிய இருவர் செல்போனில் ஆபாசப் படம் பார்த்ததாக டி.வி.யில் காட்சி வந்தது. செல்போனைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட இன்னொரு மந்திரியையும் சேர்த்து, ஆளும் பாரதிய ஜனதாவின் மூன்று மந்திரிகளும் மறுநாள் ராஜினாமா செய்தார்கள். அது தவறான நோக்கத்தில் பார்த்ததல்ல என்று சவதி விளக்கம் சொன்னார். எதிர்க்கட்சியான காங்கிரஸ் கொதித்தெழுந்தது. சரிதான், கொதிக்க வேண்டிய விஷயம்தான்.

பிறகு? 2019 ஆகஸ்டில் அதே சவதி, எம்.எல்.ஏ.வாகக்கூட இல்லாத நிலையில், கர்நாடகத்தின் துணை முதலமைச்சர் ஆனார். சி.சி. பாட்டீலும் மந்திரி ஆனார். காங்கிரஸ் மறுபடி கண்டித்தது. இன்னும் கேளுங்கள். 2023 தேர்தலில் பாரதிய ஜனதா சவதிக்கு சீட் கொடுக்கவில்லை. அவர் கட்சி மாறினார். அவரைச் சேர்த்துக்கொண்டு, சீட்டும் கொடுத்து, அதானி தொகுதியில் ஜெயிக்க வைத்தது எந்தக் கட்சி? இத்தனை வருடம் கண்டித்த காங்கிரஸ்! பொன்குடம் கட்சி மாறியதும் மண்குடமாகிவிட்டது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. எதிர்க்கட்சி போடும் கூச்சலை மட்டும் நம்பிப் பயனில்லை. அது பெரும்பாலும் ஆளைப் பார்த்துப் போடும் கூச்சல், தவறைப் பார்த்து அல்ல. 1951லும் 1957லும் 1974லும் காரியம் நடந்ததற்குக் காரணம், கேட்டவர்கள் சொந்தப் பக்கத்துக்காரர்கள். எதிராளி கேட்டால் அது சண்டை. நம்மாள் கேட்டால்தான் அது நியாயம்.

தப்பிக்கும் வழிகள்

எல்லாக் கட்சிக்கும் பொதுவான சில வித்தைகள் இருக்கின்றன. பேப்பர் படிக்கும்போது இவற்றை அடையாளம் கண்டுகொள்வது நல்லது.

1. "அவன் மட்டும் யோக்கியமா?": புகாருக்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கட்சியின் பழைய புகாரை எடுத்து வீசுவது. இரண்டு பேர் உடைத்தால் இரண்டு குடம் உடைந்தது என்றுதான் அர்த்தம். ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடாது!

2. "சட்டம் தன் கடமையைச் செய்யும்": கோர்ட் கேட்பது, ஜெயிலுக்கு அனுப்பும் அளவுக்குச் சாட்சியம் இருக்கிறதா என்று. கட்சி கேட்க வேண்டியது, இந்த ஆளுக்குப் பதவி கொடுக்கலாமா என்று. இரண்டும் வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் வர பத்து வருடம் ஆகலாம். இரண்டாவதுக்கு அத்தனை நாள் தேவையில்லை.

3. தற்காலிக நீக்கம்: "கட்சியின் கண்ணியத்துக்குக் களங்கம் விளைவித்ததால் நீக்கப்படுகிறார்" என்று நாலு வரி. ஆறு மாதம் கழித்து, "வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்ததால் மீண்டும் சேர்க்கப்படுகிறார்" என்று இரண்டு வரி. என்ன தவறு, யார் விசாரித்தார்கள், பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது? ஒரு வரியும் கிடையாது.

4. புகார் கொடுத்தவர் மீது பாய்வது: "இவரை அனுப்பியது யார்? இவ்வளவு நாள் ஏன் பேசவில்லை?" பெண்கள் கொடுக்கும் புகாரில் இது தவறாமல் நடக்கும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? தவறு செய்தவர் பல சமயம் பணம் திரட்டித் தருபவராகவோ, ஒரு வட்டாரத்தின் ஓட்டைக் கையில் வைத்திருப்பவராகவோ இருப்பார். ஆட்சிக்கு மெஜாரிட்டி குறைவாக இருந்தால் ஒரு எம்.எல்.ஏ.வைக்கூட இழக்க முடியாது. ஒத்துக்கொண்டால் எதிராளி கைதட்டுவானே என்ற பயம் வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தால், மூடி மறைப்பதுதான் லாபம் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

நஷ்டம் யாருக்கு?

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மூடி மறைப்பதால் முதலில் அடிபடுவது எதிர்க்கட்சி அல்ல. அந்தக் கட்சியையே நம்பியிருக்கும் ஏழைத் தொண்டன்தான்.

எங்கள் அப்பா ஒரு கட்சியின் கிளைத் தொண்டர். எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. இருபது வருடமாகக் கொடிக்கம்பத்துக்கு பெயின்ட் அடித்தவர், இரவு முழுக்கக் கண் விழித்து சுவரொட்டி ஒட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் சின்னம் மட்டும் அழகாக வரைவார். தொகுப்பு வீடு வாங்கித் தருகிறேன் என்று அந்தக் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் எங்கள் தெருவில் வீட்டுக்கு மூவாயிரம் ரூபாய் வாங்கினார். எங்கள் அம்மா நூறு நாள் வேலைக் கூலியில் சேர்த்து வைத்த பணம் அது. வீடும் வரவில்லை, பணமும் வரவில்லை. அம்மா சண்டை போட்டபோது அப்பா சொன்னார்: "நம்ம ஆளுடி. வெளிய சொன்னா எதிராளி சிரிப்பான்."

சிரித்தது எதிராளி அல்ல, அந்தப் பொறுப்பாளர்தான்! ஏனென்றால் அவர் பணம் வாங்கியது எல்லாமே சொந்தக் கட்சிக்காரர்கள் வீட்டில். எதிர்க்கட்சிக்காரன் கொடுத்திருக்கவே மாட்டான், கொடுத்திருந்தாலும் மறுநாளே கலெக்டர் ஆபீஸில் மனு போட்டிருப்பான். விசுவாசம் உள்ளவன்தான் வாய் திறக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும். விஷயம் பெரிதானதும் கட்சி அவரைப் பொறுப்பிலிருந்து எடுத்தது. உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது மறுபடி சேர்த்துக்கொண்டது. பணம் கொடுத்தவர்களை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. யாரும் மதிக்காத காலத்தில் தன்னை "தோழா, வாங்க" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டது அந்தக் கட்சிதான் என்பார். அது உண்மை. அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கட்சி சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்க அவரைவிட உரிமை உள்ளவர் யார்? கட்சியில் நடக்கும் தவறைக் கேட்பது துரோகம் என்று பழக்கி வைத்திருக்கிறார்கள். கேட்காமல் இருப்பதுதான் கட்சிக்குச் செய்யும் துரோகம்.

சட்டம் என்ன செய்திருக்கிறது?

கட்சிகள் தாங்களாகச் செய்யாததை நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைத்திருக்கின்றன.

ஒன்று. முன்பெல்லாம் எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ குற்றவாளி என்று தீர்ப்பு வந்தாலும், மூன்று மாதத்துக்குள் அப்பீல் செய்துவிட்டால் பதவியில் தொடரலாம். நமக்கு இல்லாத சலுகை இது! 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை என்றால் பதவி உடனே போகும். அப்போதைய காங்கிரஸ் தலைமையிலான அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து இதைத் தடுக்கப் பார்த்தது. அதைக் "கிழித்தெறிய வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொன்னவர் அதே கட்சியின் துணைத் தலைவராக இருந்த ராகுல் காந்தி. அவசரச் சட்டம் கைவிடப்பட்டது. இங்கும் சொந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல்தான் வேலை செய்தது. பின்னால் 2023ல் ஓர் அவதூறு வழக்கில் தண்டனை வந்தபோது அதே சட்டப்படி அவர் பதவியும் போய், உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்த பிறகு திரும்பக் கிடைத்தது. கேஜ் ஆள் பார்க்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இரண்டு. 1993ல் நரசிம்ம ராவ் அரசு மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட எம்.பி.க்கள் சிலர் பணம் வாங்கியதாக வழக்கு வந்தது. பணம் வாங்கிக்கொண்டு சபையில் ஓட்டுப் போட்டவர் மீது வழக்குப் போட முடியாது என்று 1998ல் தீர்ப்பு வந்துவிட்டது! (நரசிம்ம ராவுக்குக் கீழ்க்கோர்ட் விதித்த தண்டனையை 2002ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்து அவரை விடுதலை செய்தது.) அந்த 1998 தீர்ப்பை 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. சபைக்குள் ஓட்டுப் போட லஞ்சம் வாங்கினாலும் லஞ்சம் லஞ்சம்தான்.

மூன்று. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. கிரிமினல் வழக்கு உள்ளவரை வேட்பாளராக நிறுத்தினால், என்ன வழக்கு, வழக்கு இல்லாத வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கட்சியே பேப்பரிலும் தன் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். "ஜெயிக்கக் கூடியவர்" என்பது மட்டும் காரணமாகாது. இதைச் சரியாகச் செய்யாததற்காக, 2020 பீகார் தேர்தலில் போட்டியிட்ட எட்டுக் கட்சிகளுக்கு 2021 ஆகஸ்டில் அபராதம் விதித்தது. பாரதிய ஜனதா, காங்கிரஸ், கம்யூனிஸ்ட் என்று வித்தியாசம் இல்லை, எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்!

ஆனால் ஓட்டை ஒன்று பெரிதாக இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட, பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ல் வந்த சட்டம். அரசியல் கட்சிகளையும் இதில் சேர்க்க வேண்டும் என்று போட்ட மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்சியில் சேர்வது வேலைக்குச் சேர்வது போல ஆகாது என்பது காரணம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன, கட்சிகள் தாங்களாகவே அப்படிக் குழு வைக்கலாமே? வேண்டாம் என்று யார் தடுத்தார்கள்?

நாம் என்ன செய்யலாம்?

இனி ஏதாவது ஒரு கட்சிக்காரர் மீது புகார் வந்தால், டீக்கடையில் சண்டை போடுவதற்கு முன் நான்கு கேள்விகளை எழுதிப் பாருங்கள்.

விசாரித்தவர் யார்? குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கீழே இருப்பவரா, வெளியாளா?

எத்தனை நாளில் முடித்தார்கள்?

முடிவையும் காரணத்தையும் வெளியிட்டார்களா?

இதே புகார் எதிர்க்கட்சிக்காரர் மீது வந்தபோது இந்தக் கட்சி என்ன சொன்னது?

நாலாவது கேள்விதான் கோ, நோ-கோ கேஜ். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல முழு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பொய்ப் புகாரும் வரத்தான் செய்யும். நியாயமான விசாரணை அவரையும் சேர்த்துத்தான் காப்பாற்றும்.

தமிழ்நாட்டுக் கட்சிகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று சிலர் கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். பெயரைச் சொன்னால் ஹாஸ்டலில் ஒரு பாதி என்னைக் கட்டிப்பிடிக்கும், மறு பாதி உதைக்க வரும். அந்தக் கணக்கை உங்களுக்கு ஹோம்வொர்க்காகக் கொடுக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: எதிராளியின் கட்சியில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் எந்தச் சின்னம் வரைந்திருக்கிறதோ, அந்தக் கட்சியில் ஆரம்பியுங்கள்.

இந்த மலரை வெளியிடும் நம் மாணவர் சங்கத்துக்கும் இதே கேஜ் உண்டு. போன யூனியன் விளையாட்டு விழா கணக்கை நோட்டீஸ் போர்டில் போடவில்லை என்று இந்த யூனியன்காரர்கள் பேசித்தான் ஓட்டு வாங்கினார்கள். அவர்களுக்குப் போட்டவன் என்ற முறையில் கேட்கிறேன்: இந்த வருடக் கணக்கை எப்போது போடப் போகிறோம்? தேதி சொல்லுங்கள்.

குடம் யார் கை பட்டு உடைந்தாலும் தண்ணீர் இல்லாமல் நிற்கப் போவது நம் வீடுதான். சிந்திப்போம் நண்பர்களே! முதலில் நம்மாளைக் கேட்போம்!